வீட்டு வைஃபையும் அதன் வருகைப் பதிவும்

(கொடைக்கானலில் கூடிய சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் செய்த உபந்நியாசம்)



இன்று இச்சபையில் யாம் பேசப்புகும் விஷயம் கல்வி நிதியுமன்று, கலியாணச் செலவுச் சுருக்கமுமன்று. அவ்விரண்டையும் பற்றி எமக்கு முன் பேசியோர் செவ்வனே பேசிவிட்டனர். யாம் எடுத்துக்கொண்டது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கம்ப்யூட்டரைக் கொண்டு, ஒரு வீட்டின் வைஃபையில் எவரெவருடைய கருவிகள் வந்து சேர்கின்றன என்று கணக்கெடுக்கும் முறையாகும். இது வாலிபர்க்குரிய விஷயமென்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயினும் இதன் நிமித்தம் எமது இல்லத்தில் ஒரு நிரபராதியின்மேல் எம் வாயாலேயே பழிச்சொல் விழ நேர்ந்தமையால், அதனை உங்கள் முன் ஒளியாது சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பழனிமலைத் தொடரில் வாழும் நம்மவர் இல்லங்கள் முன்போல் இல்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய கீழ்மலை ஊர்களில் காப்பியும் மலைவாழையும் பயிரிடுவோரும், பூம்பாறை முதலிய மேல்மலை ஊர்களில் பூண்டு விளைவிப்போரும், இந்நகரத்தில் விருந்தினர்க்கு அறை விடுவோரும் இன்டர்நெட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டனர். விருந்தாளி வந்து இறங்கியவுடன் வெந்நீர் உண்டா என்று கேட்ட காலம் போய், வைஃபை பாஸ்வேர்ட் யாதென்று கேட்கும் காலம் வந்துவிட்டது. (வெந்நீரையும் கேட்கத்தான் கேட்கிறார்கள்.) இரவில் வாசற்கதவைத் தாழிடாமல் உறங்குவோர் நம்மில் ஒருவரும் இலர். ஆனால் வைஃபை என்னும் மற்றொரு வாசலின் சாவியை, வந்தவர் போனவர்க்கெல்லாம் கொடுத்துவிட்டு, அதனை ஆண்டுக்கணக்காக மாற்றாமலிருப்போர் அநேகர். யாமும் அவர்களில் ஒருவராயிருந்தோம்.

பொறியியல் படிக்கும் எம் பேரன் சென்ற கோடை விடுமுறையில் வந்திருந்தபொழுது, “தாத்தா, நம் வீட்டு வைஃபையில் இப்பொழுது எத்தனை கருவிகள் இருக்கின்றன, தெரியுமா?” என்று கேட்டான். யாம் எட்டு என்றோம். எம் மருமகள் பத்து என்றாள். எண்ணிப் பார்த்து விடலாமே என்று அவன் ஒரு சிறு பொட்டலத்தைப் பிரித்தான். அதனுள் இருந்ததே ராஸ்பெர்ரி பை என்னும் கம்ப்யூட்டர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில், பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வித்தையைக் கற்கும்பொருட்டு எபன் அப்டன் முதலியோரால் ஆக்கப்பெற்று, 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் இது முதன்முதல் விற்பனைக்கு வந்தது. எம் பேரன் கொணர்ந்தது 2017இல் வெளிவந்த ஜீரோ டபிள்யூ என்னும் வகை. நீளம் 65 மில்லிமீட்டர், அகலம் 30 மில்லிமீட்டர். வைஃபை அதனுள்ளேயே அமைந்திருக்கிறது. திரையும் வேண்டுவதில்லை, விசைப்பலகையும் வேண்டுவதில்லை.

அது செய்யும் வேலையை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் இரண்டு வகை எண்களை அறிய வேண்டும். ரௌட்டர் என்னும் பெட்டி, வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. இது சத்திரத்து அறை எண் போன்றது; இன்று ஒருவர்க்கும் நாளை வேறொருவர்க்கும் போகலாம். இதுவன்றி, ஒவ்வொரு கருவிக்கும் செய்யப்பட்டபொழுதே இடப்பட்ட மற்றொரு எண் உண்டு. அதனை மாக் முகவரி என்பர். அது பன்னிரண்டு குறிகளாலானது. அதன் முற்பாதி, கருவியைச் செய்த கம்பெனிக்கு ஐ.இ.இ.இ. என்னும் சர்வதேச எஞ்சினீயர் சங்கம் பதிந்து கொடுத்தது. பிற்பாதி அக்கம்பெனி தானே இட்டது. ஆகவே முற்பாதியைக் கொண்டு, வந்திருப்பது எந்தக் கம்பெனியின் சரக்கு என்று அறியலாம்.

அறை எண்ணைச் சொல்லி மாக் முகவரியைக் கேட்டறியும் முறைக்கு ஆர்ப் என்று பெயர். டேவிட் பிளம்மர் என்பவர் 1982இல் வகுத்தது. எமது சிறு கம்ப்யூட்டர் ஐந்து நிமிஷத்துக்கொரு முறை, வீட்டிலுள்ள கருவிகளெல்லாம் கேட்க, “இந்த எண்ணுக்குரியவர் யார்?” என்று ஒன்று முதல் வரிசையாகக் கூவுகிறது. உரிய கருவி “யான்” என்று தன் மாக் முகவரியைச் சொல்லுகிறது. வேறு கேள்விகளுக்குப் பேசாதிருக்கும் கருவியும் இதற்குப் பெரும்பாலும் பதில் சொல்லியே தீரவேண்டும். சொல்லாவிடில் அதற்குத் தபால் வந்து சேராது.

இதனை அமைத்தல் கடினமன்று. மைக்ரோ எஸ்.டி. அட்டை ஒன்றில் ராஸ்பெர்ரி பை ஓ.எஸ். என்னும் இயங்குதளத்தை மற்றொரு கம்ப்யூட்டரைக்கொண்டு எழுதவேண்டும். எழுதும்பொழுதே நம் வைஃபையின் பெயரையும், சிறு கம்ப்யூட்டருக்குரிய பயனர் பெயர், பாஸ்வேர்ட் இரண்டையும் கொடுத்துவிடலாம். இங்கே ஒரு சிறு விஷயம் கவனிக்கத்தக்கது. 2022 ஏப்ரல் வரையில் இவ்வியங்குதளம் எல்லார்க்கும் ஒரே பயனர் பெயரும் ஒரே பாஸ்வேர்டும் கொண்டே வந்தது. அந்த வழக்கம் ஆபத்தென்று கண்டு பின்னர் நீக்கிவிட்டனர். அதன்பின், ஆர்ப்-ஸ்கேன் என்னும் சிறு நிரலை ஏற்றி, குறித்த நேரந்தோறும் அது ஓடுமாறு கட்டளையிட்டு, விடைகளை ஒரு கோப்பில் தேதி நேரத்துடன் சேர்த்துவைக்கச் செய்தால் போதும். பட்டியலை அழகிய பக்கமாகக் காட்டிப் புதுக்கருவி வந்தவுடன் செய்தியனுப்பும் பை.அலர்ட், நெட்அலர்ட்எக்ஸ் முதலிய இலவச நிரல்களும் உண்டு. ரௌட்டரில் இச்சிறு கம்ப்யூட்டருக்கு மாறாத எண் ஒன்றை ஒதுக்கிவைத்தல் நலம்.

எம் வீடு பழைய கல் வீடு. சுவரின் கனத்தால் வைஃபை உள்ளறைகளுக்கு எட்டாமையால் இரண்டு அலைபெருக்கிகளை இடையிடையே வைத்திருக்கிறோம். இத்தகைய வீடுள்ளவர் ஒன்று அறியவேண்டும்: அலைபெருக்கிகளிற் சில, தமக்குப் பின்னாலிருக்கும் கருவியின் எண்ணை மாற்றிக் காட்டும். ஆகவே ஒரே செல்போன் கூடத்தில் ஒரு பேரோடும் சமையலறையில் வேறு பேரோடும் தோன்றி, கணக்கெடுப்பவரைச் சுற்றிவிடும்.

முதல் நாள் பட்டியலில் பதினேழு பேர் இருந்தனர்! சாயங்காலத்துக்குள் பதினாறுக்கு உரிமையாளரைக் கண்டோம். பதினேழாவதை ஒருவரும் அறியார். அதன் முற்பாதியோ காமிரா செய்யும் ஒரு கம்பெனிக்குரியது. எம் பேரன் ஒவ்வொரு மின்செருகியாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். தாழ்வாரத்துச் செருகியை எடுத்தவுடன் அந்த எண் பட்டியலிலிருந்து மறைந்தது. இறவாரத்தின் கீழ், ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒருவரால் பொருத்தப்பட்டு, பார்க்கும் வழியை யாம் மறந்து, பழுதாயிற்றென்று கைவிட்டிருந்த காமிரா அது. பழுதாகவில்லை. அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டிலுள்ள பாஸ்வேர்டைப் போட்டவுடன் படம் தெரிந்தது. வீட்டுப் பெண்டிர் தலையுலர்த்தும் இடமும், விருந்தினர் அறையின் வாசலும் ஆறு ஆண்டுகளாக அதன் கண்ணிலே இருந்திருக்கின்றன. எம் மருமகள் அதனைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். வெளியார் எவரேனும் அதனுட் புகுந்து பார்த்தனரா என்பதை வருகைப் பட்டியல் காட்டாது.

இது அற்ப விஷயமன்று. 2016இல் மிராய் என்னும் தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட பாஸ்வேர்டு மாற்றப்படாத காமிராக்களையும் ரௌட்டர்களையும் உலகமெங்கும் தேடி, அறுபதுக்குமேற்பட்ட பெயர்-பாஸ்வேர்டு இணைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, லக்ஷக்கணக்கானவற்றைத் தன் வசப்படுத்திற்று. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அத்தகைய கருவிகள் ஒருங்கே தாக்கியதனால் டின் என்னும் கம்பெனி திணறி, அமெரிக்காவில் பெரிய இணையதளங்கள் பல மணிநேரம் நின்றுபோயின. அந்நிரலை ஆக்கிய மூன்று வாலிபர் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். காமிராக்களின் சொந்தக்காரர்களோ, தம் காமிரா எவருக்கு ஊழியம் செய்தது என்றறியாமலே இருந்திருப்பர்.

கற்றோர் நிறைந்த இடங்களிலும் இக்குறை உண்டு. அமெரிக்க நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில், அநுமதியின்றி இணைக்கப்பட்டிருந்த ஒரு கருவியின் வழியே புகுந்தவர் ஏறத்தாழப் பத்து மாதம் கண்டுபிடிக்கப்படாமல் 500 மெகாபைட் அளவு தகவல் கவர்ந்தனர். 2018 ஏப்ரலில் அது வெளிப்பட்டது. அக்கருவி எது தெரியுமா? இதே ராஸ்பெர்ரி பை! எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்னும் பட்டியலை அங்கே ஒழுங்காக எழுதி வரவில்லை என்று 2019 ஜூன் மாதத் தணிக்கை அறிக்கை கூறுகிறது. நம் கூடங்குளம் அணுமின் நிலையத்திலும், நிர்வாக வலையில் சேர்ந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் தீய நிரல் புகுந்ததை 2019 அக்டோபர் 30ஆம் நாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் வலை வேறாகப் பிரிக்கப்பட்டிருந்தமையால் அதற்குத் தீங்கில்லை என்றும் அறிவித்தது. வலையைப் பிரித்துவைத்தலின் அருமை இதனால் விளங்கும்.

இனி எம் பிழையைச் சொல்லுகிறோம். பேரன் கல்லூரிக்குத் திரும்பியபின் பட்டியலைப் பார்ப்பது எம் வேலையாயிற்று. ஒருநாள் இரவு பத்தேமுக்காலுக்குப் புதுக்கருவி ஒன்று வந்ததாகச் செய்தி வந்தது. அன்று விருந்தினர் எவருமில்லை. எம் தோட்ட வேலை பார்ப்பவரின் மகன், பதினெட்டு வயதுப் பிள்ளை, இரவில் மதிலோரம் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருப்பதுண்டு. யாம் வேறொன்றும் யோசிக்கவில்லை. மறுநாட் காலை முற்றத்தில், நால்வர் காண, “எங்கள் வைஃபையை எடுக்க உனக்கு யார் சொன்னது?” என்று கேட்டோம். அவன், “ஐயா, உங்கள் பாஸ்வேர்டே எனக்குத் தெரியாது, என் போனில் என் கார்டுதான் ஓடுகிறது” என்றான். யாம் நம்பவில்லை; நம்பவில்லை என்பதைச் சொல்லவும் செய்தோம். அவன் தந்தை அங்கேயே மண்வெட்டியுடன் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை பேரனிடம் பேசுகையில் இதனைச் சொன்னோம். அவன் உடனே, “தாத்தா, அந்த எண்ணின் இரண்டாம் குறி என்ன?” என்றான். ஏ என்னும் எழுத்து என்றோம். “2, 6, ஏ, ஈ இந்நான்கில் ஒன்று அவ்விடத்தில் இருந்தால் அது தொழிற்சாலை இட்ட எண் அன்று, பெரும்பாலும் செல்போன் தானே புனைந்துகொண்ட எண். வீட்டிலுள்ள போன்களையெல்லாம் முதலில் பாருங்கள்” என்றான். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலும், செல்போன்கள் தம்மைப் பிறர் பின்தொடராவண்ணம் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைஎண்ணைக் காட்டுகின்றன. பார்த்தோம். எம் மருமகளின் செல்போன் அன்றிரவு அசையாது நின்றுவிட, அவள் தங்கை சொல்லியபடி அதனைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, மறுபடி வைஃபையில் சேர்த்திருக்கிறாள். பழைய புனைஎண் போய்ப் புதியது வந்தது. அவ்வளவே!

அறிவித்த கருவி பொய் சொல்லவில்லை. புதிய எண் வந்தது என்று மட்டுமே அது சொல்லிற்று. வந்தவன் இன்னான் என்பது யாமே கூட்டிக்கொண்டது.

விருந்தினர்க்கு அறை விடுவோர்க்கு ஒரு வார்த்தை. அவர்களுக்கென ரௌட்டரில் வேறு வைஃபை ஒன்றைப் பிரித்துக் கொடுங்கள். அது சரிவரப் பிரிக்கப்படின் எமது சிறு கம்ப்யூட்டருக்கு விருந்தினர் கருவிகள் தோன்றமாட்டா, தோன்றவும் வேண்டுவதில்லை. அவர்கள் எந்நேரம் விழித்திருந்தார்கள், எந்நேரம் போனார்கள் என்று பார்ப்பது நம் தொழிலன்று. குடும்பத்தாருக்கும் இக்கணக்கு ஓடுகிறதென்று முன்னரே சொல்லிவிடுதல் முறை.

மலையில் இருப்போர்க்கே உரிய இடையூறுகளும் உள. மின்சாரம் திடீரென நின்றால் எஸ்.டி. அட்டையில் எழுதியது கெடும். ஆகையால் ரௌட்டருக்கும் இதற்கும் சிறு பாட்டரி ஒன்று வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் இரண்டையும் செருகியிலிருந்து எடுத்துவிடுங்கள். பட்டியலுக்கு வாரமொருமுறை நகல் எடுத்துவைத்தல் அவசியம். இவ்வூர்ச் சூரிய ஆராய்ச்சி நிலையம் 1899இல் ஸ்தாபிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கமுதல் வானம் தெளிந்த நாள்தோறும் சூரியனைப் படமெடுத்து அடுக்கிவைத்தமையால் அன்றோ, இன்றும் ஆராய்ச்சியாளர் அவற்றைத் தேடுகிறார்கள்? எங்கள் பதினேழு பெயர்ப் பட்டியலை அதனோடு ஒப்பிடுவது மிகையே. ஆயினும் நேற்றைய ஏடு இல்லாதவனுக்கு இன்றைய புதுமை தெரியாது.

அன்று மாலையே யாம் தோட்டக்காரர் வீட்டுக்கு இறங்கிச் சென்றோம். முற்றத்தில் நால்வர் காணக் கேட்டதனால், அந்நால்வரையும் உடனழைத்துச் சென்று, அவர்கள் முன்னிலையில் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் தலைகுனிந்து நின்றான். அவன் தந்தை, “போகட்டும் ஐயா” என்றார். எட்டு நாள்வரை பிள்ளை எம் வாசலுக்கு வரவில்லை. ஒன்பதாம் நாள் வந்து, அந்தப் பெட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டான். இப்பொழுது எமது பட்டியலில் பதினெட்டாவதாக அவனுடைய செல்போன் அவன் பெயராலேயே இருக்கிறது. அதனைத் தட்டச்சு செய்தவனும் அவனே. இன்று அச்சிறு கம்ப்யூட்டரை இங்கே கொணர்ந்து, வாசலருகே மேஜைமேல் ஓட்டிக் காட்டுபவனும் அவன்தான். வேண்டுவோர் காப்பிக்கு முன்னரோ பின்னரோ அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.