விடியக்காலையில் ஸ்டார்ட் ஆகாத கெப் வண்டி
(தோட்டச் சாரதிகளும் குடும்பத்தினரும் கூடிய கூட்டத்தில் நாங்கள் பேசியது)

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமா துணி துவைக்கிற வேலையைப் போட்டுட்டு வந்திருக்கிற அம்மாமாருக்கும், அண்ணன் தம்பிமாருக்கும் முதல்ல நன்றி சொல்லிக்கொள்கிறோம். "டீசல் வண்டியைப் பத்தின பேச்சு டிரைவருக்குத்தானே, எங்களை ஏன் கூப்பிட்டீங்க?" என்று இரண்டு அக்காமார் வாசலிலேயே கேட்டாங்க. ஞாயமான கேள்விதான். நடந்த ஒரு சங்கதியைச் சொல்றோம்.

நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். ஜனவரி மாதம், இரவு 2 மணி. மேல் லயத்துப் பிள்ளை ஒருத்திக்குத் தலைப்பிரசவம், வலி எடுத்துவிட்டது. டிரைவர் ஓடிவந்து தோட்டத்துக் கெப்பைத் திருப்புகிறார். குர்ர்... குர்ர்... பின்னால் வெள்ளைப் புகை வருது, எஞ்சின் பிடிக்கல்ல. கால் மணி நேரத்தில் பெட்டரியும் செத்துப் போச்சு. பத்துப் பேர் தள்ளியும் பலன் இல்லை. கடைசியில் அந்தப் பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, கம்பளியால் போர்த்தி, பெரிய ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாங்க. மரக்கறி ஏற்றிப் போன லொறி ஒன்று நிறுத்தி ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

இனித்தான் விசயமே இருக்கு. மறுநாள் 11 மணிக்கு, நல்ல வெயிலில், அதே கெப் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது! "வண்டியில ஒண்ணும் இல்ல, பெட்டரிதான்" என்று எழுதி வைத்துவிட்டாங்க. பிறகு நாங்கள் பார்த்தபோது நாலு ஹீட்டர் பிளக்கில் மூன்று செத்துக் கிடந்தது. எத்தனை மாதமாகவோ, யாருக்கும் தெரியாது.

ஏன் தெரியவில்லை என்பதை விளங்கிக்கொள்ள வேணும். பெற்றோல் எஞ்சினில் தீப்பொறி போட பிளக் இருக்கு. டீசலில் அது கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அமுக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிறப்போ பம்ப் சுடுமே, அதே மாதிரி, ஆனால் 500 பாகைக்கும் மேலே காற்று சூடாகும். அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். நுவரெலியா பக்கம் டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை விடியக்காலையில் 10 பாகைக்குக் கீழே இறங்குறது சாதாரணம். சில நாளில் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி உறைஞ்சு கிடக்கும். இன்னொன்றையும் நம்ம ஆட்கள் யோசிக்கிறதில்ல. நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலான உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அமுக்குறதுக்குக் காற்றே குறைவு என்றால் சூடும் சுலபத்தில் பற்றாது. கொழும்பில் ஒழுங்காக ஓடின பழைய வண்டி மலைக்கு வந்ததும் அடம் பிடிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் குறையை ஈடு செய்யத்தான் ஹீட்டர் பிளக். சாவியைப் போட்டதும் மஞ்சள் சுருள் விளக்கு எரியுதே, அந்த நேரம் அது சூடாகுது. நாலில் ஒன்றிரண்டு செத்தாலும் பகலில் வண்டி பிடித்துவிடும். அதனால் பகலில் ஸ்டார்ட் ஆகுற வண்டி இரவு 2 மணிக்கும் ஸ்டார்ட் ஆகும் என்று நம்பவே கூடாது. டேஷ்போர்டில் விளக்கு எரிவதும் சாட்சி இல்லை. பழைய வண்டிகளில் பிளக் எல்லாம் செத்தாலும் விளக்கு எரியும்.

சரி, பிடிக்காத வண்டியில் எதை முதல் பார்க்கிறது? புகையைப் பாருங்க. இதற்கு டிரைவர் தேவையில்லை, டோர்ச் பிடித்து நிற்கிற எவரும் பார்க்கலாம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பின்னால் வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகுது, சூடு போதவில்லை. ஹீட்டர் பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்கிற ரிலே, பியூஸ், அந்தப் பக்கம் தேடணும். புகையே வரவில்லை என்றால் டீசல் எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை. இரவில் எங்கேயோ ஒரு பழைய குழாய் வழியாகக் காற்று புகுந்து, டீசல் டாங்கிக்குத் திரும்பி இறங்கியிருக்கும். பில்டருக்கு மேலே இருக்கிற கைப் பம்பை அமுக்கிப் பாருங்க; மெதுவாக இருந்து, பத்திருபது தரம் அமுக்கிய பிறகு கெட்டியானால் காற்று பிடித்திருந்தது என்று அர்த்தம். அன்றைக்கு அது வழி காட்டும், ஆனால் குழாயையும் கிளிப்பையும் மாற்றாவிட்டால் நாளைக்கும் அதே கதைதான். புது வகை கொமன் ரெயில் எஞ்சினில் மட்டும் எஞ்சின் பக்கத்து இரும்புக் குழாய்களை யாரும் கழற்ற வேண்டாம். அதில் இருக்கிற அழுத்தம் தோலைத் துளைத்துவிடும்.

ஸ்டார்ட்டரே மெதுவாகச் சுற்றினால் பெட்டரிப் பக்கம். குளிரில் பெட்டரிக்குப் பலம் குறையும், ஒயில் தடிக்கும், அதனால் எஞ்சினுக்கோ கூடுதல் பலம் வேணும். இரவு நிற்கும் பெட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைய இருக்கு, 12.2 என்றால் பாதிதான். சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் அதை நம்பாதீங்க. காசு செலவழிக்க முதல், பெட்டரி முனையிலும் எஞ்சினுக்குப் போகிற எர்த் வயரிலும் பச்சை பூத்திருக்கா என்று பாருங்க. சுடுதண்ணியும் ஒரு பழைய பிரஷும் போதும். ஒயில் மாற்றும்போது 20டபிள்யூ-50க்குப் பதிலாக 15டபிள்யூ-40 போடலாமா என்று வண்டியின் கைப்புத்தகத்தைப் பார்த்துக் கேளுங்க.

ஹீட்டர் பிளக்கைச் சோதிக்கிறது பெரிய வித்தையில்ல. நாலையும் இணைக்கிற தகட்டைக் கழற்றி, ஒவ்வொன்றையும் மீட்டரில் தனித்தனியாகப் பார்க்கணும். ஒரு ஓம் பக்கம் காட்டினால் உயிரோட இருக்கு. மீட்டர் அசையவே இல்லையென்றால் செத்தது. தகட்டைக் கழற்றாமல் பார்த்தால் ஒரு நல்ல பிளக் மூன்று செத்ததை மறைத்துவிடும்; அந்த வண்டியில் நடந்ததும் அதுதான். பெட்டரியில் நேரே வைத்துச் சிவக்குதா பார்க்கிற பழக்கமும் இருக்கு. சில பிளக் 12 வோல்ட்டுக்குச் செய்ததில்ல, அதன் மேலே பொறித்திருக்கிறதைப் பார்க்காமல் அப்படிச் செய்யாதீங்க.

கோபிக்க மாட்டீங்க என்றால் ஒன்று சொல்லணும். பந்தம் கட்டி எஞ்சினுக்கு அடியில் காட்டுறது, எயார் குளீனரில் பெற்றோல் தெளிக்கிறது, ஸ்பிரே அடிக்கிறது — இதெல்லாம் நம்ம பக்கத்தில் "கைவைத்தியம்" மாதிரி நடக்குது. சூடான ஹீட்டர் பிளக் இருக்கிற எஞ்சினுக்குள் ஸ்பிரே போனால் வெடித்துப் பிஸ்டனையே உடைக்கும், அடிக்கிறவர் முகமும் வெந்துபோகும். விடுங்க.

இறக்கத்தில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் பண்றது மலைநாட்டு வழக்கம், நாங்களும் செய்திருக்கிறோம். ஆனால் எஞ்சின் ஓடாத நேரம் பிரேக் கல்லு மாதிரி இருக்கும், பவர் ஸ்டேரிங்கும் இருக்காது. தேயிலை மலை வளைவில், இருட்டில், பின்னால் நோயாளியை வைத்துக்கொண்டு உருட்டவே கூடாது.

ஆபத்து நேரத்தில் முதலில் 1990க்கு அடியுங்க. சுவசெரிய அம்புலன்ஸ் 2016ல் இரண்டு மாகாணத்தில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்துவிட்டது, காசும் இல்லை. ஆனால் நம்ம ரோட்டில் ஏறி மேல் லயத்துக்கு வர நேரம் பிடிக்கும். பல நேரம் நோயாளியை ரோட்டு வரைக்கும் கொண்டு போறது தோட்டத்து வண்டிதான்.

அதனால் வருகிற டிசம்பருக்கு முன் ஒவ்வொரு டிவிசனுக்கும் நாங்கள் மீட்டரோடு வருவோம். பெரட்டுக்கு முந்தி, விடியக்காலை 5 மணிக்கு. டிரைவர்மாரே, நாங்கள் வருகிறோம் என்று வண்டியை முதல்லயே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்துவிடாதீங்க. இரவு நிறுத்தின மாதிரியே குளிர்ந்து கிடக்கட்டும்.