இருமலும் ஒரு சீசா மருந்தும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் தோன்றி இலக்கியச் சுவை நல்கிச் செல்வது வழக்கம். இவ்வாண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணியாற்றும் எம்மையும் சிறிது நேரம் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக் கொண்டோம் யாம். கம்பனையும் இளங்கோவையும் அளந்து பேசும் தகுதி எமக்கில்லை. ஆதலின், நாம் பிழைக்க வந்து குடியேறிய இந்தப் பெங்களூரிலேயே நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றியும், அதைச் செய்த அறிஞர் ஒருவரைப் பற்றியும் கூற எண்ணுகிறோம். பொருள் காசநோய். விழா நாளில் இதுவா என்று முகம் சுளிக்க வேண்டா. காரணம் பின்னர் விளங்கும்.

விமான நிலையத்திற்குச் செல்லும் பல்லாரிச் சாலையில், மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம் ஒன்றைப் பலரும் கண்டிருப்பீர்கள். தேசியக் காசநோய் நிலையம் அதுதான். 1959இல் நிறுவப்பட்டு, 1960இல் பிரதமர் நேருவால் திறந்து வைக்கப்பட்டது. உள்ளே நடந்த வேலை யாது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நாள்தோறும் அவ்வழியே பேருந்தில் சென்ற யாமே பல்லாண்டுக் காலம் அறிந்திலோம்.

அந்நாளைய நிலையைச் சற்று நினைவு கூர்தல் வேண்டும். எலும்புருக்கி என்று நம் பாட்டன்மார் அஞ்சிய இந்நோய்க்கு, நல்ல காற்றும் நல்ல உணவும் நீண்ட ஓய்வுமே மருந்து என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆகவே சானடோரியங்கள் எழுந்தன. சென்னைப் புறநகர் வண்டியில் செல்வோர் 'தாம்பரம் சானடோரியம்' என்னும் நிலையத்தைக் கடந்திருப்பர். 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய இல்லத்தால் வந்த பெயர் அது. ஒரு நோயின் விடுதி, இருப்புப்பாதை நிலையத்துக்கே பெயராய் நிலைத்துவிட்டது! ஆனால் படுக்கைகளோ சில ஆயிரம். நோயாளரோ பல இலட்சம். படுக்கை கிடைக்காதவன் என்ன செய்வான்? வீட்டில் கிடந்து இருமுவான்.

இதற்கு விடை நம் சென்னையிலேதான் கிடைத்தது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் ஒன்று தோன்றிற்று. ஆங்கிலேய மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் என்பார் அதனை வழிநடத்தினார். சென்னையின் ஏழை மக்களுள் 193 நோயாளரைத் தேர்ந்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலுமாக வைத்து, இருசாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். சானடோரியத்தில் இருந்தோர்க்கு நல்ல உணவும் ஓய்வும் உண்டு. வீட்டில் இருந்தோரோ நெருக்கடியான குடிசையில், குறைந்த உணவோடு, இயன்ற வேலையும் செய்து வந்தனர். ஆண்டு இறுதியில் கணக்கிட்டபோது, நோய் தணிந்தவர் சானடோரியத்தில் 100க்கு 92. வீட்டில் 100க்கு 86. வேறுபாடு அவ்வளவே. வீட்டிலிருந்தவரால் உடன் வாழ்ந்தோர்க்குத் தொற்று மிகுந்துவிடவும் இல்லை. 1959இல் இம்முடிவு வெளியானபின், படுக்கை இல்லையே என்று கைபிசைய வேண்டிய தேவை ஒழிந்தது. மருந்து இருந்தால் போதும். வீடே மருத்துவமனை ஆகலாம்.

ஆயினும் அடுத்த வினா எழுந்தது. நோயாளரைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? 1955 முதல் 1958 வரை நாடெங்கும் நடந்த கணக்கெடுப்பு, இந்நோய் நகரத்தைப் போலவே நாட்டுப்புறத்திலும் பரவியுள்ளதைக் காட்டியது. படித்தோர் பலரும் அன்று சொன்னது இது: "பட்டிக்காட்டான் அறியாதவன், இருமினாலும் பொருட்படுத்தான், அவனாக மருத்துவரிடம் வாரான். எக்ஸ்ரே வண்டியை ஊர் ஊராய் ஓட்டி, நாமே அவனைத் தேடிப் பிடித்தல் வேண்டும்." இதனை எவரும் ஐயுறவில்லை. சோதித்துப் பார்க்கவும் இல்லை.

சோதித்துப் பார்த்தவர்தாம் டாக்டர் டி. பானர்ஜி. மருத்துவம் கற்றவர், பின்னர் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மானிடவியலும் பயின்றவர். இவ்விரண்டையும் ஒருங்கே கற்றவர் அன்று இந்நாட்டில் அரியர். பெங்களூர் நிலையத்தில் சேர்ந்த அவரும், உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த ஸ்டிக் ஆண்டர்சன் என்பாரும் தும்கூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஓர் ஆய்வு செய்தனர். அங்கே நிலையத்தார் ஏற்கெனவே எக்ஸ்ரேயும் சளிச் சோதனையும் நடத்தி, நோயுடையார் இன்னார் என்று அறிந்திருந்தனர். ஆய்வாளர் அவர்களிடம் சென்று உடல்நிலையை வினவினர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நோயற்றோரையும் அவ்வாறே வினவினர்.

முடிவு 1963இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தது. சளியில் கிருமியுடையோருள் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் தம் உடலில் ஏதோ கோளாறு இருப்பதை உணர்ந்தே இருந்தனர். பெரும்பாலோர் அதுபற்றிக் கவலையும் கொண்டிருந்தனர். ஏறத்தாழப் பாதிப்பேர் ஏதோ ஒரு மருத்துவ நிலையத்திற்கு நடந்தே சென்று முறையிட்டும் இருந்தனர்! சென்றவர்க்குக் கிடைத்தது என்ன? ஒரு சீசா இருமல் மருந்து. சளியைச் சோதித்துப் பார்ப்போம் என்று சொல்வாரைக் காணோம்.

பெரியோர்களே, இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். ஏனெனில் இவ்வாய்வு எமக்கு ஏட்டுச் செய்தி அன்று.

எம் தந்தையார் திருப்பத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரினின்று வந்து, இருப்புப்பாதையில் கேங்மேனாய் வேலை பார்த்தவர். வெயிலிலும் மழையிலும் சம்மட்டி பிடித்த உடம்பு. 1996இல் அவருக்கு இருமல் கண்டது. மாலையில் காய்ச்சல், உடம்பு உருகியது. வேலையை விட்டு வரிசையில் நின்று மருந்து வாங்கி வந்தார். சீசாவை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். சிவப்பு நிறத்தில் ஒரு நீரை ஊற்றிக் கொடுப்பர். அது தீர்ந்ததும் மற்றோர் இடத்திற்குச் சென்றார். அங்கும் சீசா. மூன்றாம் இடத்தில் ஊசியும் சீசாவும். எட்டுத் திங்கள் இவ்வாறு கழிந்தபின், நான்காம் இடத்தில்தான் ஒருவர் காகிதக் குவளை ஒன்றை நீட்டி, "காறி இதில் உமிழ்ந்து கொண்டு வா" என்றார். அதற்குள் இரு நுரையீரலும் அரித்துப் போயிருந்தன. மூன்றாம் திங்களில், 1997இல், அவர் மறைந்தார்.

எம் தமக்கையாரின் திருமணம் பேச்சில் இருந்தமையால், அன்னையார் நோயின் பெயரை ஊரில் எவரிடமும் சொல்லவில்லை. மார்ச்சளி என்றே சாதித்துவிட்டார். இழவுக்கு வந்த உறவினரோ, "பீடியை விட்டானா? நேரத்தோடு டாக்டரிடம் போனானா? உடம்பைக் கவனியாமல் விட்டான்" என்றனர். யாமும் அதனையே நம்பினோம். இறந்தவர்மீது சினங்கூடக் கொண்டிருந்தோம். அவருடைய பணியின் பேரில் கருணை அடிப்படையில் எமக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அவர் கவனக்குறைவால் கிடைத்த சோறு என்றே அதனை உள்ளூர எண்ணி வந்தோம்.

பல்லாண்டுகட்குப் பின், அவென்யூ சாலைப் பழைய புத்தகக் கடையொன்றில் பானர்ஜியின் ஆங்கில நூலொன்று எம் கையில் சிக்கிற்று. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெண்ணிப் படித்தோம். தும்கூரில் எவரோ குடியானவர்கள் அலைந்த கதையைப் படித்தபோது, எம் தந்தையார் அலைந்த மூன்று வாயில்களும் கண்முன் நின்றன. அவர் போகாதிருந்தாரில்லை. எட்டுத் திங்களும் போய்க்கொண்டேதான் இருந்தார். அப்புத்தகத்தை மூடிவிட்டு அன்று இரவு உறங்கவில்லை. இதற்குமேல் சொந்தக் கதையை வளர்த்தல் முறையாகாது.

அவ்வாய்வினால் விளைந்த பயன் சிறிதன்று. நோயாளி தானே வருகிறான். வருகிறவனை ஏமாற்றாமல் இருந்தால் போதும் என்பது தெளிந்தமையால், எக்ஸ்ரே வண்டியை ஓட்டும் திட்டம் பின்தள்ளப்பட்டது. எந்தச் சிறு சுகாதார நிலையத்திலும் ஒரு நுண்பெருக்கி இருந்தால், இருமலோடு வருவாரின் சளியை அங்கேயே பார்த்து, இலவச மருந்தை அங்கேயே கொடுக்கலாம். இதன்மேல்தான் 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் வகுக்கப்பட்டது. அத்திட்டத்தை உருவாக்க இங்கே உழைத்தவர்களுள் ஒருவர் ஹாஃப்டன் மாலர் என்னும் டேனிஷ்காரர். பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்திற்கே தலைவராகி, 1978இல் அல்மா ஆத்தா மாநாட்டில் 'அனைவர்க்கும் நல்வாழ்வு' என்று முழங்கியவர் அவர்.

திட்டம் ஏட்டில் சிறந்திருந்தது, நாட்டில் நொண்டிற்று. நுண்பெருக்கி இருந்த இடத்தில் மருந்தில்லை. மருந்து இருந்த இடத்தில் ஆளில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கிற்கு இருந்த அவசரம் இருமலுக்கு இல்லாது போயிற்று. 1992இல் திட்டத்தை மறு ஆய்வு செய்தபோது, மருந்து தொடங்கியோருள் பெரும்பாலோர் அதனை முடிக்கவில்லை என்று கண்டனர். திருத்திய திட்டம் 1997இல் தொடங்கி, நாடு முழுவதையும் எட்ட 2006 ஆயிற்று. எம் தந்தையார் அவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டவர்.

பானர்ஜியோ ஓய்ந்திருக்கவில்லை. 1971இல் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத்திற்கென ஒரு மையம் நிறுவினார். பல மாநிலத்துச் சிற்றூர்களில் ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து, 1982இல் வறுமையும் வர்க்கமும் மக்களின் நலவாழ்வை எவ்வாறு ஆள்கின்றன என்று நூல் எழுதினார். மேல்நாட்டார் வகுத்த திட்டத்தை இங்கே அப்படியே ஒட்டவைப்பதை வெளிப்படையாகக் கண்டித்தார். 1990களில் வந்த புதிய காசநோய்த் திட்டத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதில் அவர் சொன்ன யாவும் சரி என்று யாம் கொள்ளோம். கண்காணித்து மருந்து கொடுக்கும் அத்திட்டத்தால் பிழைத்தவர் எமக்குத் தெரிந்தே பலர். எனினும், ஏழையின் கூற்றைக் கேட்ட பின்னரே திட்டம் தீட்டுக என்ற அவர் பிடிவாதம் எமக்கு மிகவும் பிடித்தது.

இன்னும் ஒன்று கூற வேண்டும். சென்னை ஆய்வைப் படித்த சிலர், உணவு முக்கியமன்று என்று பொருள் கொண்டுவிட்டனர். மருந்து உண்பவன் குணமாவதற்கு உயர்ந்த உணவு இன்றியமையாததன்று என்பதே அதில் தெரிந்தது. நோய் வாராதிருப்பதற்கு உணவு வேண்டுமா என்பது வேறு வினா. அதற்கு விடை கண்டவர்கள் நம் மாநிலத்து மங்களூரில் பணியாற்றும் டாக்டர் அனுராக் பார்கவாவும் டாக்டர் மாதவி பார்கவாவும் ஆவர். ஜார்கண்டில் 2019 முதல் 2022 வரை, சென்னை மையத்தாரோடும் பிறரோடும் கூடி, நோயாளர் வீட்டில் உடன் வாழும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் ஆய்ந்தனர். ஒரு சாரார்க்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தனர். மறுசாரார்க்கு அவை இல்லை. உணவு பெற்ற வீடுகளில் புதிதாய்க் காசநோய் கண்டவர் 100க்கு 39 என்னும் அளவில் குறைந்தனர். 2023இல் வெளியான முடிவு இது. அரிசியும் பருப்புமே நோய்க்குத் தடுப்பாயின! அரசும் நோயாளர்க்கு 2018 முதல் உணவுக்கென மாதம் 500 ரூபாய் அளித்து, 2024 நவம்பர் முதல் அதனை 1000 ஆக்கியிருக்கிறது. உடன் வாழும் குழந்தைகட்கும் சேர்த்து அது போதுமா என்பதை, இவ்வூர்க் கடைவிலை அறிந்த தாய்மார்களே சொல்லட்டும்.

உலகில் இந்நோய் காணும் நால்வருள் ஏறத்தாழ ஒருவர் இந்தியர். நம் தமிழர் குடியிருப்புகளிலும், கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்போரிடையிலும் அவர்கள் இல்லாமலில்லை. மொழி தெரியாமல், எங்கே போவது என்று அறியாமல், அன்னையார் சொன்னதுபோல் மார்ச்சளி என்று சொல்லிக் கொண்டிருக்கிறார்கள்.

நம் சங்கம் நடத்தும் கண் மருத்துவ முகாம் பாராட்டுக்குரியது. அடுத்த முகாமில் மேசை ஒன்று கூடுதலாய்ப் போட வேண்டுமென்று செயற்குழுவை வேண்டுகிறோம். இரண்டு வாரத்திற்கு மேல் இருமுவோர்க்கு அங்கே சளிக் குவளை கொடுத்து, அரசு நிலையத்திற்கு அனுப்புவதற்கு ஆளும் வேண்டும். சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். அம்மேசையில் தமிழும் கன்னடமும் அறிந்த ஒருவர் அமர்ந்து, "இதற்கு முன் எங்கெங்கே போனீர்கள்? அங்கே என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆயின், அந்நாற்காலியில் யாமே அமர்கிறோம்.