காணா நட்பும் கூடிச் செய்யும் அறமும்
(சங்க ஆண்டு விழாச் சொற்பொழிவு)

 

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடும் இந்நன்னாளில், முகம் பாராது தோன்றும் நட்பினையும், அந்நட்பினால் விளையும் அறத்தினையும் குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

"பிள்ளைகள் ஓயாது கைப்பேசியும் கையுமாக இருக்கிறார்கள்; கண்டறியாதவர்களையெல்லாம் நண்பர் என்கிறார்கள்" என்று நம் இல்லங்களிற் பெரியோர் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் உண்மை உண்டு. எனினும் காணா நட்பு தமிழர்க்குப் புதியதன்று. உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும், பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரிலிருந்த ஆந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர். சோழன் வடக்கிருந்து உயிர் துறக்கத் துணிந்தபோது, தன் நண்பர்க்கும் அருகே ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான்; புலவரும் தவறாது வந்து சேர்ந்தார். இச்செய்தியைப் புறநானூறு நமக்குத் தருகின்றது. உணர்ச்சி ஒத்தலே நட்பிற்குப் போதும் என்ற வள்ளுவர் கருத்துக்குப் பரிமேலழகர் இவ்விருவரையே சான்று காட்டினார். ஆதலின், முகம் பாராத நட்பையும் அது உற்ற வேளையில் உதவியதா என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

அதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையினாலும், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரினாலும் அடையாறு கரைபுரண்டது. சென்னையின் பல பகுதிகள் நீரில் மூழ்கின, மின்சாரம் நின்றது, விமான நிலையம் மூடப்பட்டது. அவ்வேளையில் ஒருவரையொருவர் அறியாத இளைஞர் பலர், எங்கே படகு வேண்டும், எங்கே உணவு உண்டு, யார் வீட்டில் தங்க இடம் உண்டு என்று இணையத்தில் பட்டியலிட்டு, இரவு பகலாகத் தொலைபேசியில் பேசி உதவினர்.

அவ்வேளையில் நமது கொச்சியும் வாளாவிருக்கவில்லை. சமூக ஊடகங்களின் வழியே திரண்ட தன்னார்வலர் 'அன்போடு கொச்சி' என்னும் பெயரால் ஒன்றுபட்டு, சென்னை மக்களுக்கு நிவாரணப் பொருள்களைத் திரட்டி அனுப்பினர். அப்பொழுது எறணாகுளம் மாவட்ட ஆட்சியராக இருந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த எம். ஜி. இராஜமாணிக்கம் அவர்கள். 'அன்போடு' என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவாய் அமைந்தது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தருவதன்றோ!

மூன்றாண்டுகள் கழிந்தன. 2018 ஆகஸ்டில் பெரியாறு பெருக்கெடுத்து ஆலுவா, பறவூர்ப் பகுதிகளைச் சூழ்ந்தது. நெடும்பாசேரி விமான நிலையம் 15-ஆம் நாள் மூடப்பெற்று, 29-ஆம் நாளே மீண்டும் திறந்தது. சென்னைக்கு உதவிய அதே 'அன்போடு கொச்சி' கடவந்திராவில் பொருள்களைத் திரட்டிப் பிரித்து முகாம்களுக்கு அனுப்பிற்று. தன்னார்வப் பொறியாளர் பலர் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறையினரோடு சேர்ந்து, மீட்பு வேண்டுவோர் தம் இருப்பிடத்தைப் பதிவு செய்யும் இணைய ஏற்பாட்டை விரைந்து அமைத்தனர். கடலோர மீனவப் பெருமக்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி வந்து பல்லாயிரவரைக் காத்தனர். தமிழகத்திலிருந்தும் பொருள்கள் வந்து குவிந்தன. அவ்வாண்டு நவம்பரிற் கஜா புயல் நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதிகளைத் தாக்கியபோது, கேரள மின்வாரியத் தொழிலாளர் அங்கே சென்று மின்கம்பங்களை நட்டனர். கொடுத்தவர் பெற்றனர், பெற்றவர் மீண்டும் கொடுத்தனர்.

எனினும் நல்லெண்ணம் ஒன்றே போதாது. உதவி கேட்கும் செய்தியில் நாளும் நேரமும் இல்லையெனில், மீட்கப்பட்டவரையே மீண்டும் தேடிப் படகு செல்லும். அதற்குள் வேறொருவர் கூரை மேல் காத்திருப்பார். ஆதலின், பிறர்க்கு அனுப்புமுன் ஒருமுறை தொலைபேசியில் விசாரித்து உறுதி செய்தல் வேண்டும். கிழிந்த பழந்துணிகளை மூட்டையாகக் கட்டி அனுப்பினால், அவற்றைப் பிரித்துக் களைவதிலேயே தொண்டர்களின் உழைப்பு வீணாகும். முகாமில் என்ன வேண்டுமென்று கேட்டபின் அனுப்புவதே உதவி. பணமாயின் மருத்துவமனைக்கோ, அரசு நிவாரண நிதிக்கோ நேரே செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறுதல் நன்று. பிறர் துயரைக் காட்டிப் பொய்க் கணக்கிற் பணம் பறிப்போரும் இவ்வுலகில் உளர். ஒருமுறை ஏமாந்தவர், மறுமுறை உண்மைத் துயரைக் கண்டும் கை நீட்டத் தயங்குவர். அதனால் உண்மையிலேயே துயருறுபவர்க்குக் கேடு வருகின்றது.

இனி, மட்டாஞ்சேரித் தமிழராகிய நமக்கெனத் தனியே ஒரு கடமை உண்டு. கோட்டைக் கொச்சி வெளிப்பகுதியின் சலவைத் துறையை நாம் அறிவோம். டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த சலவைத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே உழைக்கின்றனர். குஜராத்தியரும், கொங்கணியரும், கச்சி மேமன்களும், மலையாள மக்களும் அண்டை அயலாராய் வாழும் ஊர் இது. அறியாதவரோடு உறவு கொண்டு வாழ நம் முன்னோர் இங்கே கற்றனர். நமக்கோ இரு மொழியும் தெரியும். வெள்ளக் காலத்தில் மலையாளத்தில் வரும் வேண்டுகோளைத் தமிழிலும், தமிழில் வருவதை மலையாளத்திலும் பிழையின்றி உடனே எழுதித் தர நம் பிள்ளைகளால் முடியும். மொழி அறியாத தமிழகத் தொழிலாளி ஒருவர் இங்கே நோயுற்றால், அவர் குறையை மருத்துவரிடம் எடுத்துரைக்க நம் தாய்மார்களால் முடியும்.

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். குருதி வகை, தொலைபேசி எண், செய்யக்கூடிய உதவி ஆகியவற்றோடு குடும்பந்தோறும் ஒரு பதிவு நம் குழுவில் இருக்கட்டும். அப்பதிவு வெளியார் கையிற் செல்லாது காக்கப்படட்டும். திரட்டும் பணத்திற்கு இருவர் பொறுப்பேற்று, ஆண்டு விழாதோறும் வரவு செலவினை மேடையிற் படிக்கட்டும். பெரியோர் பிள்ளைகளின் கைப்பேசியைப் பறிக்காமல், "உன் நண்பர்களோடு சேர்ந்து இம்மாதம் யாருக்கு உதவினாய்?" என்று அன்போடு கேட்கட்டும். ஆண்டு முழுதும் பழகிய கைகளே ஆபத்து நாளில் தடுமாறாது உதவும்.

 வாழ்க தமிழ்! வளர்க மனித நேயம்!