'விட்டுட்டாங்க'
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வக்கீல் கையில் மைக் கொடுத்தால் திரும்பி வராது என்று பயந்து, செயலாளர் பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார். அதனால் கோர்ட்டில் புழங்கும் நாலைந்து ஆங்கில வார்த்தைகளை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நாம் படித்த காலத்தில் தெஃப்ட், ராபரி, டெகாய்ட்டி மூன்றுக்கும் 'திருட்டு' என்றே எழுதி மார்க் வாங்கினோம். சட்டத்தில் மூன்றும் வேறு வேறு. சம்மதம் இல்லாமல் பொருளை எடுத்தால் தெஃப்ட். அடித்தோ மிரட்டியோ பிடுங்கினால் ராபரி. அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் டெகாய்ட்டி. நாலு பேர் என்றால் ராபரிதான்! ஏமாற்றுக்காரனை 'ஃபோர் ட்வென்ட்டி' என்கிறோமே, அது 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, அந்தக் குற்றம் 318-ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. ஆனால் யாரும் யாரையும் 'த்ரீ எய்ட்டீன்' என்று திட்டி நான் கேட்டதில்லை!

சிரித்தது போதும். விஷயத்துக்கு வருகிறேன்.

என் அக்கா மகன் கல்லூரி நாளில் ஒரு சாலை மறியலில் உட்கார்ந்தான். போலீஸ் வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். பிறகு சம்மன் வந்தது. எங்கள் யாரிடமும் சொல்லாமல் கோர்ட்டுக்குப் போய், 'ஒப்புக்கொள்கிறேன்' என்று சொல்லி, அபராதம் கட்டிவிட்டு வந்துவிட்டான். சில வருஷம் கழித்து அரசு வேலை கிடைத்தது. சரிபார்ப்புப் படிவத்தில் வரிசையாகக் கேள்விகள்: அரெஸ்ட் செய்யப்பட்டதுண்டா? ப்ராஸிக்யூட் செய்யப்பட்டதுண்டா? ஃபைன்? கன்விக்ட்? எல்லாவற்றுக்கும் 'நோ' என்று எழுதினான். போலீஸ் விசாரணையில் வழக்கு வெளியே வந்தது. வேலை போயிற்று.

"ஏண்டா இப்படி எழுதினே?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே விட்டுட்டாங்களே மாமா!" என்றான்.

அந்த ஒரு வார்த்தைதான் அவனைக் கவிழ்த்தது. மண்டபத்திலிருந்து அனுப்பினாலும் 'விட்டுட்டாங்க', பெயிலில் வந்தாலும் 'விட்டுட்டாங்க', அபராதம் கட்டினாலும் 'விட்டுட்டாங்க', நிரபராதி என்று தீர்ப்பானாலும் 'விட்டுட்டாங்க'. இதில் கடைசியானது மட்டும்தான் அக்விட்டல். பெயில் என்றால் வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். குற்றத்தை ஒப்புக்கொண்டு நூறு ரூபாய் கட்டினாலும் சட்டத்தின் கண்ணில் அது கன்விக்ஷன். தமிழிலும் ஜாமீன், தண்டனை, விடுதலை என்று தனித்தனி வார்த்தைகள் இருக்கின்றன; நம் பேச்சில்தான் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது.

2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்றது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை வழக்கை ஒருவர் மறைத்திருந்தால், வேலை கொடுப்பவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்றும் சொன்னது. விடலாம், அவ்வளவுதான், விட்டே ஆகவேண்டும் என்றில்லை.

மாணவச் செல்வங்களே, கோர்ட்டில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதற்கு முன்னும், படிவத்தில் 'நோ' என்று எழுதுவதற்கு முன்னும் விவரம் தெரிந்தவரைக் கேளுங்கள். என்னையே கேளுங்கள், ஃபீஸ் கிடையாது. ஏனென்றால் மறியல் நடந்த அன்று ராத்திரி அக்கா பதறிப்போய் போன் செய்தபோது, "அதான் விட்டுட்டாங்க இல்லே, விடு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனவன் நான்தான்.