தொகுப்பும் முழுமையும்



கலைஞர் பலகாலம் படைத்தவற்றுள் சிலவற்றைத் தெரிந்தெடுத்து ஓரிடத்தே கோத்து வைப்பதைத் தொகுப்பு என்கிறோம். இது தமிழருக்குப் புதிதன்று. நம் பழம் பாடல்களுட் பல, தொகை நூல்களாகவே நம் கைக்கு வந்து சேர்ந்தன. ஆதலின், மேல்நாட்டு இசைக்குழு ஒன்றின் தொகுப்பைப் பற்றி இசை அன்பர்களிடையே நிலவும் வழக்கினை நம் கண்கொண்டு நோக்குவது பொருத்தமே ஆகும்.

அக்குழுவின் பெயர் பிங்க் ஃபிளாய்ட். 1965-ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றியது. 'புரொகிரசிவ் ராக்' என்னும் இசை வகையில் முன்னிற்பது. மூன்று நிமிடத்தில் முடியும் பாட்டோடு அமையாமல், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டாக விரிவது, பல பாடல்கள் சேர்ந்து ஒரே கருத்தை உணர்த்துவது ஆகியவை இவ்வகையின் இயல்புகள். 1971-இல் வந்த 'எக்கோஸ்' என்னும் பாட்டு ஏறக்குறைய இருபத்துமூன்றரை நிமிடம் நீள்வது. 2001 நவம்பரில், 1967 முதல் 1994 வரையிலான பாடல்களில் இருபத்தாறினைத் தேர்ந்து, இரு குறுந்தகடுகளில் அதே பெயரால் ஒரு தொகுப்பு வெளியாயிற்று. ஐந்து திங்கள் கழித்து, 2002 ஏப்ரலில், அக்குழுவிலிருந்து 1985-இலேயே விலகியிருந்த ரோஜர் வாட்டர்ஸ், பெங்களூரு அரண்மனைத் திடலில் நிகழ்ச்சி நடத்தினார். கோட்டை உயர்நிலைப்பள்ளித் திடலில் ஆண்டுதோறும் இராமநவமி இசைவிழா நிகழும் இந்நகரம், அவ்விசைக்கும் இடந்தந்தது.

தொகுப்பைப் பற்றிய கருத்துகள் இருவகைப்படும். அது நல்ல தலைவாயில் என்பது ஒரு சாரார் துணிபு. கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பினைப் புதிதாகக் கேட்க வருபவன் எங்கே தொடங்குவான்? ஒருவர் கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டாமா? தெரிவில் குழுவினரே பங்கு கொண்டனர். பிரிந்து போனவரும் அதில் சேர்ந்தார். இதனினும் நம்பத்தகுந்த வழிகாட்டி யார் என அவர்கள் கேட்கின்றனர்.

மற்றொரு சாரார் உடன்படுவதில்லை. தொகுப்பின் பெயருக்கு உரிய பாட்டே அதில் முழுமையாக இல்லை என்பது அவர்கள் குறை. இருபத்துமூன்றரை நிமிடப் பாட்டு பதினாறரை நிமிடமாகக் குறைக்கப்பட்டது. 1975-இல் வந்த 'ஷைன் ஆன் யூ கிரேசி டைமண்ட்' என்னும் பாட்டின் நிலையும் அதுவே. குழுவின் முதல் தலைவராய் இருந்து 1968-இல் நீங்கிய சிட் பாரெட்டை நினைந்து எழுந்த அப்பாட்டு, மூல இசைத்தட்டில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி தொடக்கத்திலும் மறுபாதி முடிவிலும் நிற்கும். இடையே மூன்று பாடல்கள் உண்டு. நீங்கியவனை நினைந்து தொடங்கிய துயரம் இடைவெளி கடந்து மீண்டும் வந்து தொடும்போதுதான் அதன் ஆழம் புலனாகும். தொகுப்பிலோ, ஒன்பது பகுதிகளில் ஏழு மட்டும் ஒட்டி வைக்கப்பட்டன. இடைவெளி போயிற்று, காத்திருத்தலும் போயிற்று. சில தொடக்ககால இசைத்தட்டுகளிலிருந்து ஒரு பாடலும் இடம்பெறவில்லை என்பதும் அவர்கள் வருத்தம்.

பாடல்கள் கால வரிசையில் இல்லை என்பாரும் உளர். இதனை நான் குறையாகக் கருதவில்லை. தொகுப்பின் முதற்பாட்டும் இறுதிப்பாட்டும் 1967-இல் வந்தவை. இரண்டும் பாரெட் இயற்றியவை. தொடங்கிய இடத்திலேயே முடியும் இவ்வமைப்பு, நமக்கு அந்தாதியை நினைவூட்டுகிறதன்றோ?

அகநானூற்றை எடுத்துக் கொள்வோம். உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர் தொகுத்த இந்நூலில் ஒற்றைப்பட எண் பெற்றவை பாலைப் பாடல்கள். இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். நானூறு பாடலும் இம்முறையே நடக்கும். புலவர் வரிசையும் இல்லை. கால வரிசையும் இல்லை. தொகுத்தவர் தம் நோக்கால் ஒரு புதிய ஒழுங்கைக் கண்டார். தொகுப்பாளனும் ஒருவகையில் படைப்பாளியே என்பதற்கு இஃது ஒன்றே சான்றாகும்.

ஆயினும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. நான்கடி முதல் எட்டடி வரையுள்ள பாடல்கள் பெரும்பாலும் குறுந்தொகையில் அடங்கின. ஒன்பது முதல் பன்னிரண்டடி வரையின நற்றிணைக்குச் சென்றன. பதின்மூன்று முதல் முப்பத்தோரடி வரை நீண்டவை அகநானூறாயின. நீளத்திற்கேற்ப நூலை வகுத்தனரேயன்றி, நூலுக்கேற்பப் பாட்டை வெட்டவில்லை. பாத்திரத்தைப் பண்டத்திற்கேற்பச் செய்தனர்.

வெட்டுவதற்கும் சில வேளைகளில் காரணம் உண்டு. பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே இசை கொள்ளும். நம் வித்துவான்கள் ஆலாபனையைச் சுருக்கிப் பாடியது அக்கருவியின் எல்லையால். அங்ஙனம் சுருக்கியவரும் அவர்களே. எதை விடலாம் என்பதை அவர்கள் குரலே அறிந்திருந்தது. முடிந்துபோன பாட்டைப் பின்னர் நறுக்குவது வேறு செயல். இரு தகடுகளில் இரண்டரை மணி நேரத்திற்கு இடம் இருந்தும், எண்ணிக்கையைப் பெருக்க எண்ணி நீளத்தைக் குறைத்தனர். இருபத்தாறுக்கு மாறாக இருபது பாடல்களை முழுமையாகத் தந்திருக்கலாம் என்பதே என் கருத்து.

இவ்வழக்கு மேல்நாட்டாரோடு முடிவதன்று. 2003-இல் பெங்களூருவில் தோன்றிய 'அகம்' என்னும் குழு, தியாகராசர் கீர்த்தனைகளை மின்கிதாரோடும் முழவோடும் இசைத்து வருகிறது. அம்சநாதத்தில் அமைந்த 'பண்டுரீதி கொலு' அவற்றுள் ஒன்று. கீர்த்தனையின் உயிர் கெடுகிறது என்பாரும், இளைஞர் காதில் கீர்த்தனை புகுவதற்கு இதுவே வழி என்பாரும் இங்கும் உளர். அக்குழுவுக்கும் ஒருநாள் வாழ்நாள் தொகுப்பு அமையுமாயின், பல்லவியை மட்டும் வைத்துச் சரணத்தை விட்டுவிடாதிருக்க வேண்டும்.

பிறமாநிலத்தில் வாழும் நமக்கு இச்செய்தி இன்னும் அணுக்கமானது. நாம் ஒவ்வொருவரும் தொகுப்பாளரே. ஊரிலிருந்து எல்லாவற்றையும் கொண்டுவர இயலவில்லை. பொங்கலைக் கொண்டுவந்தோம், பூட்டியின் கதைகளில் பாதியை விட்டோம். சில திருக்குறட்பாக்கள், சில திரைப்பாடல்கள், வீட்டுப்பேச்சு ஆகியவையே இங்குப் பிறந்த பல பிள்ளைகள் கையில் உள்ள தமிழ்த் தொகுப்பு. அதைக் குறை கூறுதல் முறையன்று. தலைவாயில் இன்றி வீடு இல்லை. ஆனால் வாயிலையே வீடென்று பிள்ளை எண்ணிவிடலாகாது.

பழந்தமிழ்த் தொகைகளில் இடம்பெறாத பாடல்களுட் பல அழிந்தே போயின. அவற்றைத் தேடவும் நமக்கு வழியில்லை. இன்று நிலை வேறு. மூலங்கள் கிடைக்கின்றன, தேடுவார்தாம் வேண்டும். தொகுப்பைக் கேட்ட இளைஞன் அடுத்த நாள் முழு இசைத்தட்டைத் தேடிச் செல்வானாயின், அத்தொகுப்பு தன் கடமையைச் செய்தது. நாம் சொன்ன அரைக்கதையைக் கேட்ட பிள்ளை, அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்க நூலகத்திற்குச் சென்று மீதியைக் கேட்குமாயின், நம் தொகுப்பும் பயன்பட்டதாகும். தொகுத்துத் தருவோம், அதனோடு முழுமைக்குச் செல்லும் வழியையும் காட்டித் தருவோம்.