கணவாயை ஏன் மூடுகிறார்கள்?



தை மாதத்தில் ஒரு நாள். நம் ஒக்கலிபுரம் வகுப்பில் ஒரு அம்மா செய்தித்தாளை எழுத்துக் கூட்டிப் படித்தார். 'சோஜிலா கணவாய் மூடப்பட்டது' என்று படித்ததும் அவர் முகம் வாடிவிட்டது. அவர் மகன் லடாக்கில் பட்டாளத்தில் இருக்கிறான். மூன்று நாளாகப் போன் இல்லை.

"மூடிவிட்டார்கள் என்றால் என்ன தம்பி? என் பிள்ளைக்கு ஆபத்தா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

கணவாய் என்றால் மலைகளுக்கு நடுவே உள்ள வழி. சோஜிலா, காஷ்மீரிலிருந்து லடாக் போகும் வழி. அதன் உயரம் 11,500 அடிக்கு மேல். நம் நந்தி மலையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்! குளிர்காலத்தில் அங்கே மழைக்குப் பதில் பனி கொட்டும்.

பனி கொட்டினால் என்ன ஆபத்து? முறத்தில் கேழ்வரகைப் போடுங்கள். முறத்தைக் கொஞ்சம் சாய்த்தால் தானியம் நிற்கும். இன்னும் சாய்த்தால்? மொத்தமாகச் சரிந்துவிடும். பனியும் அப்படித்தான். செங்குத்தான சரிவில் பழைய பனி இறுகிக் கிடக்கும். அதன்மேல் புதுப்பனி விழும். சில சமயம் இரண்டும் ஒட்டாது. திடீரென்று சரிந்து வரும். இதுதான் பனிச்சரிவு.

இதை முன்கூட்டியே எப்படிச் சொல்கிறார்கள்?

மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மேகம் வருவதை நம் செயற்கைக்கோள்கள் படம் பிடிக்கின்றன. இன்சாட்-3டிஎஸ் அப்படி ஒன்று. 2024 பிப்ரவரியில் விண்ணுக்குப் போனது. செயற்கைக்கோள் செய்யும் பெரிய நிலையம் நம் பெங்களூரில்தான் இருக்கிறது! மலையில் பனியின் ஆழம், குளிர், காற்று எல்லாவற்றையும் அளக்கிறார்கள். இவற்றைச் சேர்த்துப் பார்த்து வானிலைத் துறை அறிவிப்பு கொடுக்கிறது. பனிச்சரிவு எச்சரிக்கையை ராணுவ ஆராய்ச்சித் துறையின் நிலையம் கொடுக்கிறது.

அடுத்த மூன்று மணி நேரத்துக்குச் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஐந்து நாள் கழித்து நடப்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் அறிவிப்பைத் தினமும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கைக்கு நிறம் உண்டு. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு.

எல்லா ஆபத்தையும் தடுக்க முடியுமா? முடியாது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மதராஸ் படைப்பிரிவின் 10 வீரர்கள் பனியில் புதைந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் கர்நாடகப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். தார்வாட் மாவட்டத்து ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று அவரும் இறந்தார்.

ஆகவே கணவாயை மூடினால் பயப்படாதீர்கள். ஆபத்தான நாளில் யாரும் அந்த வழியில் போகக் கூடாது என்றுதான் மூடுகிறார்கள்.

அந்த அம்மாவுக்கு மறுநாள் போன் வந்தது. "பாதை மூடியிருக்கு அம்மா, நாங்க முகாமில் பத்திரமா இருக்கோம்" என்றான் மகன்.

"தெரியும்டா, நானே பேப்பரில் படிச்சேன்" என்றார் அம்மா.