அலுவலகக் கணினி கிளவுடுக்கு மாறும்போது

அலுவலகக் கணினியில் பெயரும் பாஸ்வேர்டும் போட்டவுடன், போட்டவர் யார், எதையெல்லாம் அவர் தொடலாம் என்று சரிபார்த்துச் சொல்லும் பதிவேட்டுக்கு டைரக்டரி என்று பெயர். விண்டோஸ் 2000 வந்ததிலிருந்து ஏராளமான நிறுவனங்களில் இந்த வேலையை ஆக்டிவ் டைரக்டரி பார்த்து வருகிறது. அது இருக்கும் இடம் நிறுவனத்தின் சொந்த சர்வர். இப்போது அந்தப் பதிவேடு கிளவுடுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மைக்ரோசாஃப்டின் கிளவுட் டைரக்டரி முன்பு அஸூர் ஆக்டிவ் டைரக்டரி எனப்பட்டது. 2023-ல் என்ட்ரா ஐ.டி. ஆனது. சர்வரைக் கட்டிக் காக்கும் வேலை குறைகிறது, வீட்டிலிருந்து வேலை செய்பவரும் இணையம் இருந்தால் உள்ளே வந்துவிடலாம் என்பதால் நிர்வாகங்களுக்கு இதில் விருப்பம் அதிகம். தலைவலி முளைப்பது ஊழியரின் மேசையில்தான்.

மாற்றம் முடிந்த மறுநாள் கணக்குப் பிரிவு ஊழியர் கணினியைத் திறக்கிறார். மின்னஞ்சல் முகவரி அதே, பாஸ்வேர்டும் அதே. திரையோ கடையிலிருந்து அன்றுதான் வந்தது போல வெறுமையாக இருக்கிறது. டெஸ்க்டாப்பில் வரிசையாக வைத்திருந்த எக்ஸெல் கோப்புகளைக் காணோம். பிரவுசரில் குறித்துவைத்த தளங்கள் இல்லை. தமிழ்த் தட்டச்சுக்குச் செய்துவைத்த அமைப்பும் போயிற்று. உண்மையில் எதுவும் அழியவில்லை. சி டிரைவில் யூஸர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் பழையது அப்படியே இருக்கும். பக்கத்திலேயே ஏறக்குறைய அதே பெயரில் புதிதாக இன்னொன்றும் உட்கார்ந்திருக்கும்.

காரணம், விண்டோஸ் ஆளைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்.ஐ.டி. என்ற நீண்ட எண் உண்டு. பழைய டைரக்டரியில் அது எஸ்-1-5-21 என்று தொடங்கும். கிளவுட் கணக்கில் எஸ்-1-12-1 என்று தொடங்கும். எண் மாறினால் விண்டோஸுக்கு ஆளே வேறு. புரொஃபைல் என்பது அந்த எண்ணுக்குச் சொந்தமான உடைமைகளின் தொகுப்பு. ஆவணங்களும் படங்களும் அதில் கண்ணுக்குத் தெரிகிற பகுதி. ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கான குறிப்புகளை எழுதி வைத்திருக்கும். என்.டி.யூஸர்.டாட் என்ற கோப்பிலோ, விண்டோஸின் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த ஊழியருக்கான பகுதி அடங்கியிருக்கும்.

பழைய ஃபோல்டரிலிருந்து புதியதற்குக் காப்பி செய்துவிட்டால் என்ன? வேர்டு, எக்ஸெல் கோப்புகளுக்கு அது போதும். ஆப்டேட்டாவையும் என்.டி.யூஸர்.டாட்டையும் சேர்த்து அள்ளிப் போட்டால் வம்புதான். ரெஜிஸ்ட்ரியின் ஒவ்வொரு கிளையிலும் அனுமதி பழைய எண்ணின் பெயரில் இருப்பதால், ஸ்டார்ட் மெனு திறக்காமல் போவது முதல் மென்பொருள்கள் நடுவில் நின்றுபோவது வரை விதவிதமான கோளாறுகள் வரும். மைக்ரோசாஃப்டின் யூ.எஸ்.எம்.டி. என்ற இடமாற்றக் கருவியும் என்ட்ராவில் சேர்ந்த கணினிகளுக்கு ஏற்றதல்ல. யூஸர் புரொஃபைல் விஸார்ட் போன்ற வெளிநிறுவனக் கருவிகள் வேறு வழியில் போகின்றன. அவை செய்வது ஏறத்தாழ பட்டா மாற்றம்: ஃபோல்டர் இருந்த இடத்திலேயே இருக்க, கோப்புகளிலும் ரெஜிஸ்ட்ரியிலும் உரிமையாளராகப் புதிய எண் பதிவாகிறது. ஊழியர் உள்ளே நுழையும்போது பழைய திரையே வரும்.

அப்படி மாற்றியும் கைக்கு வராத சில உண்டு. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை விண்டோஸ் ஊழியரின் பாஸ்வேர்டையும் எஸ்.ஐ.டி.யையும் கொண்டு உருவாக்கிய சாவியால் பூட்டுகிறது. எண் மாறியதும் அந்தச் சாவி பெரும்பாலும் பொருந்தாது. கோப்பு இருக்கும், திறக்காது. பழைய கணக்கு உயிரோடு இருக்கும்போதே பாஸ்வேர்டுகளை வெளியே எடுக்க வேண்டும், அல்லது பிரவுசரின் சிங்க் வசதியை இயக்கிவிட வேண்டும். பின் எண்ணையும் கைரேகையையும் புதிதாகப் பதிய வேண்டியதுதான். அவுட்லுக்கில் சர்வரில் உள்ள அஞ்சல்கள் தாமாகவே திரும்ப இறங்கிவிடும். பழைய அஞ்சல்களைச் சேர்த்துவைத்த பி.எஸ்.டி. கோப்பு அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும். அதைத் தனியாக எடுத்து வைக்காமல் கணினியைத் துடைத்துவிட்டுப் பிறகு தேடிப் பயனில்லை.

இவ்வளவு பாடுபட்டுப் புரொஃபைலைக் காப்பாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. பெரும்பாலோர் விஷயத்தில் வேண்டியதில்லை. சில வாரங்களுக்கு முன்பே டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவுக்குத் திருப்பிவிட்டால், புதிய கணக்கில் நுழைந்ததும் கோப்புகள் வந்து சேரும். பிறகு கணினியை ரீசெட் செய்து புதிதாகவே தொடங்கலாம். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த குப்பையும் அதோடு கழியும். பொறியியல் வரைபடம், அச்சு வடிவமைப்பு போன்ற வேலைகளில் மென்பொருளைத் தன் கைக்கு ஏற்றபடி பல ஆண்டுகளாகப் பழக்கி வைத்திருப்பவருக்கு மட்டும் பட்டா மாற்றம் செய்து கொடுப்பது நல்லது. இரண்டு டைரக்டரியிலும் கணினியைச் சேர்க்கும் ஹைப்ரிட் முறையும் உண்டு. அதில் ஊழியர் பழைய கணக்கிலேயே நுழைவதால் புரொஃபைல் அசைவதே இல்லை. ஆனால் பழைய சர்வரையும் விட முடியாது.

பழைய டைரக்டரியிலிருந்து கணினியைக் கழற்றுவதற்கு முன், அந்தக் கணினிக்குள்ளேயே ஒரு லோக்கல் அட்மின் கணக்கும் அதன் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கழற்றி ரீஸ்டார்ட் செய்தபின் யாராலும் உள்ளே போக முடியாத நிலை வரலாம். டிரைவையே பூட்டும் பிட்லாக்கர் போட்ட கணினியானால் அதன் மீட்புச் சாவி பழைய டைரக்டரியோடு போய்விடாமல் புதியதிலும் ஏற வேண்டும்.

பழைய புரொஃபைலை உடனே நீக்கக் கூடாது. மாத இறுதியில் மட்டும் திறக்கும் கோப்புகள் எங்கே என்று யாராவது கேட்பார்கள். நீக்கும்போதும் யூஸர்ஸ் ஃபோல்டரில் போய் டெலீட் அழுத்துவது தவறு. ரெஜிஸ்ட்ரியில் அதன் பதிவு எஞ்சிவிடும்; அதே கணக்கு மறுபடி நுழைந்தால் விண்டோஸ் தற்காலிகப் புரொஃபைல் ஒன்றைக் கொடுத்துவிடும். சிஸ்டம் அமைப்புகளில் யூஸர் புரொஃபைல்ஸ் என்ற பகுதி வழியாக நீக்கினால் ஃபோல்டரும் பதிவும் சேர்ந்தே போகும்.